வேலியும் ஆறாம் வேற்றுமையும்

1

ஆங்கிலத் தொடர்கள் நம் விமர்சன எழுத்துக்குள் இரண்டு விதமாக வருகின்றன. சில, ஆங்கிலமாகவே தமிழ் எழுத்தில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. அவற்றால் பெரிய தீங்கில்லை. வந்தவர் யார் என்று தெரிகிறது. வேறு சில வேட்டி கட்டிக்கொண்டு வருகின்றன. ஒரு நாவலைப் பற்றி, 'இது வரம்புக்கு அப்பால் போய்விட்டது' என்று ஒருவர் முடித்துவிடும்போது, அவர் மனசில் ஓடுவது பல சமயங்களில் 'பியாண்ட் த பேல்' என்ற ஆங்கிலத் தொடர்தான். ஏற்றுக்கொள்ள முடியாதது, சகிக்க முடியாதது, நாகரிகத்தின் எல்லையைத் தாண்டியது என்று அதற்குப் பொருள். தொடர் சிறியது. அதைச் சொன்ன பிறகு மேற்கொண்டு காரணம் சொல்ல வேண்டியிருப்பதில்லை என்பதே அதன் வசதி.

இந்தத் தொடரைப் பிழையில்லாமல் எழுதுவது எப்படி என்று ஆங்கில ஆசிரியர்கள் சொல்லித்தருவது எழுத்துக்கூட்டலோடு நின்றுவிடும். 'பேல்' என்ற ஒரே ஒலிக்கு ஆங்கிலத்தில் மூன்று சொற்கள். ஒன்று வெளிறிய நிறம். ஒன்று வாளி. மூன்றாவது, நிலத்தில் அறையும் கழி. முதலுக்கும் மூன்றாவதற்கும் எழுத்துகள் ஒன்றே; வாளிக்கு மட்டும் வேறு. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே 'வாளிக்கு அப்பால்' என்று எழுதிவிடுவதுண்டு. கழி என்ற பொருளில் அந்தச் சொல் வழக்கொழிந்துவிட்டதால், எழுதுகிறவர் கைக்குத் தெரிந்த பொருளைத் தேடிப் போகிறது. திருத்துவது சுலபம். திருத்திய பிறகும் தொடர் சரியாக எழுதப்பட்டுவிட்டதா என்பதுதான் நம் கேள்வி.

சொல்லின் வழி தெளிவானது. லத்தீனில் 'பாலுஸ்' என்றால் முனை சீவிய கழி. ஆங்கிலத்தில் கம்பத்தைக் குறிக்கும் 'போல்', கழியரணைக் குறிக்கும் 'பாலிசேட்', கழுவேற்றுவதைக் குறிக்கும் 'இம்பேல்' எல்லாம் அதே வேரிலிருந்து வந்தவை. கழி என்பது கழிகளை வரிசையாக நட்ட வேலியாயிற்று. வேலி, வேலி சூழ்ந்த நிலமாயிற்று. நிலம், ஓர் அதிகாரம் செல்லுபடியாகும் பரப்பாயிற்று. பதினைந்தாம் நூற்றாண்டிலேயே இச்சொல் கண்ணுக்குத் தெரியாத வேலிகளுக்கும், மதத்தின் எல்லைக்கும் ஒழுங்கின் எல்லைக்கும், ஆகிவந்துவிட்டது.

இங்கே ஓர் இலக்கண விவரத்தைக் கவனிக்க வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலும் ஆங்கில எழுத்தாளர்கள் இந்தத் தொடரைப் பெரும்பாலும் மொட்டையாக விடவில்லை. இன்னதன் வேலிக்கு அப்பால் என்றே எழுதினார்கள். சமூகத்தின் வேலி, சட்டத்தின் வேலி, திருச்சபையின் வேலி. டிக்கன்ஸின் 'பிக்விக் பேப்பர்ஸ்' 1837இல் நூலானது. அதில் ஒரு பத்திரிகாசிரியர் எதிர்ப்பத்திரிகைக்காரரைத் திட்டும்போதுகூட, சமூகத்தின் வேலிக்கு வெளியே போய்விட்டவர் என்று முழுசாகத்தான் திட்டுகிறார். பிறகுதான் 'இன்னதன்' என்பது உதிர்ந்தது. நம் இலக்கணத்தில் சொன்னால், ஆறாம் வேற்றுமை போய்விட்டது. வேலி நின்றது, வேலிக்காரன் மறைந்துபோனான்.

யாருடைய வேலி என்று சொல்லாத வேலி இயற்கையாக முளைத்த ஒன்றுபோல, மலைபோல ஆறுபோல, தோற்றம் கொள்கிறது. அதைத் தாண்டியவன் இயற்கைக்கே விரோதியாகிவிடுகிறான். இந்தச் சொல், அல்லது இதன் உறவுமுறைச் சொல் ஒன்று, வெறும் உருவகமாக இல்லாமல் பூமியில் நின்ற இடங்கள் சில உண்டு. அந்த இடங்களில் வேலிக்காரனை நேருக்கு நேர் பார்க்க முடியும்.

2

இத்தொடருக்கு மூலம் அயர்லாந்து என்று சொல்வது வழக்கம். டப்ளினைச் சுற்றி ஆங்கில அரசரின் ஆணை செல்லுபடியான பகுதிக்குப் 'பேல்' என்று பெயர். அதற்கு அப்பால் காட்டுமிராண்டிகள். ஆகவே 'பேலுக்கு அப்பால்' என்று கதை போகும். அகராதிக்காரர்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை. இந்தப் பொருளில் தொடர் எழுத்தில் தென்படும் காலம் அயர்லாந்தின் பேல் அரசியல் உண்மையாக இருந்த காலத்துக்கு மிகவும் பிந்தியது. கதை பின்னால் ஒட்டவைக்கப்பட்டதாகவே இருக்க வேண்டும். ஆனால் தொடரின் பிறப்பிடம் அதுவல்ல என்றாலும் சொல்லின் நடத்தையை அங்கே பார்க்கலாம்.

அயர்லாந்தில் வேலிக்கு முந்தி வந்தது சட்டம். 1366இல் கில்கென்னி நகரில் கூடிய சபை இயற்றிய சட்டங்கள் அங்கே குடியேறிய ஆங்கிலேயரைக் கட்டுப்படுத்துவதற்கானவை. இரண்டு நூற்றாண்டுப் பழக்கத்தில் அவர்கள் அயர்லாந்துக்காரர்களாக மாறிக்கொண்டிருந்தார்கள். ஐரிஷ் மொழி பேசக் கூடாது. ஐரிஷ் பெயர் வைத்துக்கொள்ளக் கூடாது. ஐரிஷ்காரர்களைப்போலக் குதிரை ஏறக் கூடாது. அவர்களோடு மண உறவு, பிள்ளைகளை ஒருவர் வீட்டில் ஒருவர் வளர்க்கவிடும் உறவு எதுவும் கூடாது. நமக்குச் சம்பந்தமுள்ள விதி ஒன்றும் உண்டு: ஐரிஷ் பாணர்களையும் கவிஞர்களையும் கதைசொல்லிகளையும் ஆங்கிலேயர் வீட்டில் சேர்க்கக் கூடாது; அவர்கள் உளவறிந்து போகிறார்கள். ஆங்கிலமே பேச வேண்டும் என்று கட்டளையிட்ட இந்தச் சட்டங்கள் எழுதப்பட்டிருந்தது பிரெஞ்சில். ஆட்சியாளர்களின் சட்ட மொழி அப்போது அதுதான். வேலி போடுகிறவன் வேலிக்குள் இருந்தாக வேண்டும் என்ற நியதி எங்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

சட்டம் வந்த மறுவருஷம், 1367இல், அரசரின் பிரதிநிதியாக அயர்லாந்தின் நிர்வாகத்தை ஏற்றவர் டெஸ்மண்டின் மூன்றாம் ஏர்ல் ஜெரால்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட். ஆங்கிலோ-நார்மன் வம்சம். அந்தச் சட்டத்தைக் காக்க வேண்டிய பதவியில் இருந்தவர். அவர் ஐரிஷ் மொழியில் கவிதை எழுதினார். ஐரிஷ் இலக்கியத்தில் அவருக்கு 'ஏர்ல் ஜெரால்ட்' என்ற பொருளில் 'கெரோத் இயர்லா' என்று பெயர். பிரெஞ்சு அரசவைக் காதல் மரபை ஐரிஷ் யாப்புக்குள் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவராக அவரைச் சொல்கிறார்கள். கவிதைகள் ஏட்டுச் சுவடிகளில் தங்கிவிட்டன. பின்னால் தன் மகனை ஓர் ஐரிஷ் அரச குடும்பத்தில் வளர்க்கவிட, சட்டத்துக்கு விலக்கு வாங்கினார். வேலியின் காவற்காரனே அப்பால் நின்று பாடியிருக்கிறான். ஐரிஷ் மொழிக்கு அது லாபம். ஆங்கிலச் சட்டத்துக்கு அது மீறல். யாருடைய என்பதைப் போட்டால்தான் இந்த வாக்கியம் அர்த்தப்படுகிறது.

வேலி பிறகு மண்ணிலும் வந்தது. 1494இல் எட்வர்ட் பாய்னிங்ஸ் அயர்லாந்துக்கு அனுப்பப்பட்டார். அதற்குச் சற்று முன்னால் பிரான்ஸில் ஆங்கிலேயர் வசமிருந்த காலேயில் பதவி வகித்தவர். காலேயைச் சூழ்ந்த பகுதிக்கும் 'பேல்' என்றே பெயர். 1347 முதல் 1558 வரை அது ஆங்கிலேயர் கையில் இருந்தது. பாய்னிங்ஸ் கூட்டிய பாராளுமன்றம், எல்லையில் வாழ்கிறவர்கள் ஐரிஷ்காரர்களை நோக்கிய பக்கத்தில் ஆறடி உயரத்துக்கு இரட்டை வரப்பும் பள்ளமும் எடுக்க வேண்டும் என்று சட்டம் செய்தது. அது முழுமையாக எடுக்கப்படவே இல்லை. எடுத்த இடங்களிலும் அது மண்மேடும் பள்ளமும்தான். கழி என்ற சொல்லின் பேரால் நின்றது நாம் வரப்பு என்று சொல்லும் சமாசாரம்.

உள்ளே இருந்தவர்களின் மொழி என்ன ஆயிற்று? டப்ளின்காரரான ரிச்சர்ட் ஸ்டானிஹர்ஸ்ட் 1577இல் வெளிவந்த ஹாலின்ஷெட்டின் வரலாற்று நூலில் அயர்லாந்தைப் பற்றி எழுதினார். ஐரிஷ் மொழி பேலுக்குள் பரவுகிறதே என்று அவருக்குக் கவலை. கூடவே இன்னொன்றும் சொன்னார். டப்ளினுக்கு வடக்கேயும் வெக்ஸ்ஃபோர்டிலும் பழைய குடியேறிகள் சாசர் காலத்து ஆங்கிலத்தின் மிச்சத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள் என்றார். இங்கிலாந்தில் மறந்துபோன ஆங்கிலம், இங்கிலாந்துக்கு வெளியே ஒரு வேலி ஓரத்தில் உயிரோடு இருந்தது.

முந்நூறு வருஷம் கழித்து, பேல் வரப்பின் எஞ்சிய துண்டுகள் கிடக்கும் கில்டேர் மாவட்டத்துக் கிளாங்கோஸ் உட் பள்ளியில் ஒரு சிறுவன் படித்தான். 1888 முதல் 1891 வரை. ஜேம்ஸ் ஜாய்ஸ். 1916இல் நூலான 'இளங்கலைஞனின் உருவப்படம்' நாவலில் வரும் பிரசித்தமான இடத்தை இந்தப் பின்னணியோடு படிக்க வேண்டும். விளக்குக்கு எண்ணெய் ஊற்றும் புனலைப் பற்றிப் பேச்சு வருகிறது. ஸ்டீபன் 'டன்டிஷ்' என்கிறான். ஆங்கிலேயரான பாதிரியாருக்கு அந்தச் சொல்லே தெரியாது. அவருக்கு அது 'ஃபனல்'. அயர்லாந்தின் நாட்டுவழக்கு என்று அவர் சுவாரஸ்யப்படுகிறார். ஸ்டீபன் மனசில் அது தைக்கிறது: பேசுகிற மொழி அவருடையது, அப்புறம்தான் என்னுடையது. நாவலின் இறுதியில் டயரியில் எழுதுகிறான்: அகராதியைப் பார்த்தாயிற்று, அது அசல் ஆங்கிலச் சொல்தான். சொந்தக்காரன் தொலைத்த சொல்லை வேலிக்கு வெளியே நின்றவன் வைத்திருந்தான். ஜாய்ஸ் அதற்குமேல் அதை விளக்காமல் விட்டார்.

3

ரஷ்யப் பேரரசில் வேலி கழியாலும் இல்லை, மண்ணாலும் இல்லை. மையால் போட்டது. போலந்தைப் பங்குபோட்டபோது பெருந்தொகையான யூதர்கள் ரஷ்யாவின் பிரஜைகளானார்கள். 1791இல் இரண்டாம் கேத்தரீனின் ஆணை அவர்கள் எங்கே வாழலாம் என்று வகுத்தது. மேற்கு மாகாணங்களுக்குள்ளேயே அடைபட்ட அந்தப் பகுதிக்கு ரஷ்ய மொழியில் 'செர்த்தா ஓசெட்லொஸ்தி' என்று பெயர். செர்த்தா என்றால் கோடு. ஆங்கிலத்தில் அதைப் 'பேல் ஆஃப் செட்டில்மெண்ட்' என்று எழுதினார்கள். ரஷ்யக் கோடு ஆங்கிலத்தில் வேலியாகிவிட்டது. மொழிபெயர்ப்பு என்ற அளவில் தவறு. பொருள் என்ற அளவில் ஒருவேளை மூலத்தைவிடச் சரி.

1897 கணக்கெடுப்பில் பேரரசின் யூதர்கள் சுமார் 52 லட்சம். போலந்து மாகாணங்களையும் சேர்த்தால் அவர்களில் ஏறக்குறைய 49 லட்சம் பேர் இந்த வேலிக்குள் இருந்தார்கள். வெளியே வாழச் சிலருக்கு அனுமதி உண்டு: முதல் வகுப்பு வணிகர்கள், பல்கலைக்கழகப் பட்டதாரிகள், சில கைத்தொழிலாளிகள். பட்டதாரிக்கு வழி உண்டென்றால் பட்டத்துக்கும் வேலி போட வேண்டுமல்லவா? 1887இல் அது வந்தது. வேலிக்கு உட்பட்ட பகுதியில் நூற்றுக்கு பத்து யூத மாணவர்கள், வெளியே ஐந்து, இரு தலைநகரங்களில் மூன்று.

இந்த வேலி விசித்திரமானது. அயர்லாந்தில் ஆட்சி உள்ளே, அந்நியர் வெளியே. இங்கே விலக்கப்பட்டவர்கள் உள்ளே. 'அப்பால்' என்பதே நாடு. மாஸ்கோவும் பீட்டர்ஸ்பர்க்கும் வேலிக்கு அப்பால். தொடரை மொட்டையாக எழுதினால் இந்தத் தலைகீழ்நிலை தெரியாது.

ஓவியர் ஐசக் லெவிதான் லித்துவேனியாவில் பிறந்தவர். மாஸ்கோவில் ஓவியம் படித்துக்கொண்டிருந்தபோது, 1879இல், யூதர்களை வெளியேற்றும் உத்தரவினால் நகரை விட்டுப் போக வேண்டியிருந்தது. 1892இல் இரண்டாம் முறை. அப்போது அவர் பெயர்பெற்ற ஓவியர். நண்பர்கள் முயன்று அவரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ரஷ்ய நிலப்பரப்பின் ஆத்மாவைத் தீட்டியவர் என்று ரஷ்யர்கள் யாரைக் கொண்டாடுகிறார்களோ அவருக்கு அந்த நிலப்பரப்பில் தங்க உரிமை இருக்கவில்லை. அதே 1892இல் அவர் தீட்டியது 'விளாதிமிர்க்கா': சைபீரியாவுக்குக் கைதிகள் நடந்துபோன சாலை. படத்தில் கைதிகள் இல்லை. சாலை இருக்கிறது, மேகம் மூடிய வானம் இருக்கிறது.

மாண்டல்ஷ்டாம் வார்சாவில் பிறந்து பீட்டர்ஸ்பர்க்கில் வளர முடிந்ததென்றால், தகப்பனார் தோல் வியாபாரத்தில் முதல் வகுப்பு வணிகராக இருந்ததால். பல்கலைக்கழகத்தில் சேர வேண்டிய கட்டத்தில் அதுவும் போதவில்லை. 1911இல் மெதடிஸ்ட் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்றார். இருபதாம் நூற்றாண்டு ரஷ்யக் கவிதையின் மிகச் சிறந்த செவிகளில் ஒன்று, வியாபார அந்தஸ்து, ஞானஸ்நானம் என்ற இரண்டு அனுமதிச் சீட்டுகளால் அந்த நகரத்துக்குக் கிடைத்தது. சீட்டுக் கிடைக்காத செவிகளைப் பற்றி இலக்கிய வரலாறு பேச முடியாது.

ஒடெஸாவிலிருந்து பெட்ரோகிராடுக்கு வந்த ஐசக் பாபெலிடம் தங்கும் அனுமதி இல்லை. போலீஸ் கண்ணில் படாமல் ஒரு குடிகாரச் சர்வரோடு நிலவறையில் தங்கியதாக, தன்னைப் பற்றி எழுதிய சின்னக் குறிப்பில் சொல்கிறார். 1916இல் கார்க்கி அவருடைய கதைகளைத் தன் பத்திரிகையில் வெளியிட்டார். கதைகளுக்காக ஆபாசக் குற்றச்சாட்டில் வழக்கு வந்தது. பாபெல் இரண்டு வேலிகளை ஒரே சமயத்தில் தாண்டியிருந்தார். ஒன்றில் உடம்பு, ஒன்றில் எழுத்து. இரண்டையும் போட்டவன் ஒரே ஆள். இந்த ஒற்றுமையை நாம் கவனிக்க வேண்டும். எந்த எழுத்து சகிக்க முடியாதது என்று தீர்மானித்த அரசாங்கமே, எந்த மனிதன் எந்தத் தெருவில் தூங்கலாம் என்றும் தீர்மானித்துக்கொண்டிருந்தது. 1917 புரட்சியில் அந்த அரசாங்கம் போயிற்று. தற்காலிக அரசு செர்த்தாவை ரத்து செய்தது. பிறகு வந்தவர்கள் போட்ட வேலிகள் வேறு. அவற்றுள் மாண்டல்ஷ்டாம் 1938இல் முகாமில் இறந்தார். பாபெல் 1940இல் சுடப்பட்டார்.

4

நம் கரையிலும் ஒரு வேலி இருந்தது. அதைப் 'பேல்' என்று யாரும் சொல்லவில்லை. ஆங்கிலேயர் 'பவுண்ட் ஹெட்ஜ்', எல்லைவேலி, என்றார்கள். ஆனால் அயர்லாந்தின் வரலாறே ஆள்மாறி அங்கே வந்து சண்டைபோட்டது என்பதால் அதை இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரியை, கோட்டைச் சுவருக்கு வெகுதூரம் தள்ளி, முள்மரங்களும் கற்றாழையும் அடர்ந்த உயிர்வேலி ஒன்று சூழ்ந்திருந்தது. 1760இல் ஆங்கிலேயப் படை புதுச்சேரியை முற்றுகையிட்டது. தளபதி அயர் கூட். அயர்லாந்தின் லிமரிக் மாவட்டத்தில், அங்கே குடியேறிய புராட்டஸ்டண்ட் குடும்பத்தில் பிறந்தவர். உள்ளே பிரெஞ்சுத் தளபதி கவுண்ட் லாலி. அவருடைய தகப்பனார், தோற்ற அரசரின் பக்கம் நின்று அயர்லாந்தை விட்டு பிரான்ஸ் சேர்ந்த கத்தோலிக்கர். அயர்லாந்தில் ஒரு வேலியின் இரு பக்கமும் இருந்த குடும்பங்களின் வாரிசுகள், சோழமண்டலக் கரையில் இன்னொரு வேலியின் இரு பக்கமும் நின்றார்கள். செப்டம்பரில் வேலி ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று.

நவம்பர் இறுதியில் உள்ளே உணவு தீர்ந்துகொண்டுவந்தது. லாலி, நகரத்தில் மிஞ்சியிருந்த நம்மவர்களைக் கோட்டைக்கு வெளியே துரத்தினார். ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாக ஏறக்குறைய 1,400 பேர். அவர்கள் வேலிப்பக்கம் வந்தார்கள். முற்றுகையிட்டிருந்தவர்கள் வழிவிடவில்லை, இத்தனை வாய்கள் உள்ளே இருந்தால் நகரம் சீக்கிரம் பணியும். கோட்டைக்குத் திரும்பினார்கள், அங்கேயும் கதவு திறக்கவில்லை. சுவருக்கும் வேலிக்கும் நடுவே, புல்லின் வேரைத் தோண்டித் தின்றுகொண்டு நாட்கணக்கில் கிடந்தார்கள். கடைசியில் கூட் வழிவிட்டார். 1761 ஜனவரியில் புதுச்சேரி வீழ்ந்தது. லாலி 1766இல் பாரிஸில், துரோகக் குற்றம் சாட்டப்பட்டுத் தலை வெட்டப்பட்டார். வோல்ட்டேர் அவருக்காக வாதாடி எழுதினார். அந்த 1,400 பேருக்காக எழுத யாரும் இருக்கவில்லை. அவர்களில் ஒருவர் பெயரும் நமக்கு வந்து சேரவில்லை.

அவர்கள் எந்த வரம்பையும் மீறியவர்கள் அல்ல. இரண்டு பேரின் வேலிகள் அவர்களைத் தாண்டிப் போயின. 'அப்பால்' என்று எழுதுகிறவன், தான் ஒரு பக்கம் நிற்பதாகவும் மற்றவன் இன்னொரு பக்கம் நிற்பதாகவும் எண்ணிக்கொள்கிறான். சுவருக்கும் வேலிக்கும் நடுவே ஓர் இடம் உண்டென்பது அந்தத் தொடரில் இல்லை.

5

கிப்ளிங்கின் 'பியாண்ட் த பேல்' கதை 1888இல் வெளிவந்த 'பிளெய்ன் டேல்ஸ் ஃப்ரம் த ஹில்ஸ்' தொகுதியில் இருக்கிறது. தலைப்பிலேயே ஆறாம் வேற்றுமை இல்லை. ஆனால் கதைசொல்லி தொடக்கத்திலேயே அதைப் பூர்த்தி செய்துவிடுகிறான்: அவனவன் தன் சாதி, தன் இனத்தோடு இருந்துகொள்ள வேண்டும்; கண்ணியமான சமூகத்தின் பத்திரமான எல்லையை வேண்டுமென்றே தாண்டிப் பெரும் விலை கொடுத்தவன் ஒருவனின் கதை இது. அவன் டிரெஜாகோ என்ற ஆங்கிலேயன். ஒரு சந்துக்குள், கம்பியிட்ட ஜன்னலுக்குப் பின்னால் இருக்கும் பிஸேஸா என்ற இளம் விதவையோடு அவனுக்கு உறவு. முடிவில் ஜன்னல் திறக்கிறது, அவள் இரண்டு கைகளையும் நீட்டுகிறாள், மணிக்கட்டோடு வெட்டப்பட்டிருக்கின்றன. உள்ளிருந்து வந்த ஒரு குத்து அவனுக்கும் படுகிறது. அவனுக்கு மிஞ்சியது காலில் கொஞ்சம் விறைப்பு. குதிரை சவாரியில் வந்த சுளுக்கு என்று ஊர் நினைத்துக்கொள்கிறது.

பெரும் விலை கொடுத்தது யார்? கதைசொல்லி சொல்வது ஒன்று, கதை காட்டுவது வேறு. வேலி டிரெஜாகோவின் சமூகத்துடையது என்று கதையின் தொடக்கம் சொல்கிறது. கைகளை வெட்டிய வேலி பிஸேஸாவின் வீட்டுடையது. ஒரே சொல் இரண்டையும் மூடியிருக்கிறது. கிப்ளிங் இதைத் தெரிந்து செய்தாரா என்று வாதாடலாம். தெரிந்து செய்தார் என்பது என் கட்சி. அந்தச் சுளுக்கு அப்படிப்பட்ட விவரம். கதைசொல்லியின் நீதிவாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கிப்ளிங்கை அடித்தவர்களும் புகழ்ந்தவர்களும், தலைப்பிலிருந்த காலியிடத்தைப் பார்க்கவில்லை.

6

தமிழுக்கு வருகிறேன். வரம்பும் வரப்பும் ஒரே சொல்தான். இலக்கியத்தில் ஒரு வடிவம் தங்கிற்று, வயலில் ஒன்று. வரப்புக்கு வேலை முதலில் தண்ணீரை நிறுத்துவது. அடுத்தது நடக்க இடம் தருவது. மூன்றாவதுதான் இது உன்னுடையது, இது என்னுடையது என்று பிரிப்பது. ஆளை வெளியே நிறுத்த நட்ட கழியின் குணம் அதற்குப் பிறவியில் இல்லை. 'வரம்பு மீறல்' என்று நாம் சொல்லும்போது வரும் பல்லும் நகமும் பிற்பாடு முளைத்தவை. அவற்றில் எவ்வளவு நம்முடையது, எவ்வளவு ஆங்கிலத் தொடரின் நிழல் என்று ஒவ்வொரு இடத்திலும் பார்க்க வேண்டியிருக்கிறது. நமக்கும் வேலிகள் இருந்தன. ஊருக்கும் சேரிக்கும் நடுவே இருந்ததைப்போல இறுக்கமான பேல் டப்ளினைச் சுற்றி ஒருநாளும் இருந்ததில்லை. ஆனால் அந்த வேலிக்கு நாம் வரம்பு என்று பெயர் வைக்கவில்லை. அதற்கு 'வழக்கம்' என்று பெயர்.

இலக்கியத்தில் இரண்டு சந்தர்ப்பங்களை ஒப்பிடலாம். 1959இல் 'எழுத்து' தொடங்கி, புதுக்கவிதை வர ஆரம்பித்தபோது, இது வரம்பு மீறியது என்றார்கள் பண்டிதர்கள். ஆனால் எதன் வரம்பு என்பதை ஒளிக்கவில்லை: யாப்பின் வரம்பு. அதனால் சண்டை நடக்க முடிந்தது. யாப்பு என்றால் என்ன, தளை தட்டினால் எது கெடுகிறது, ஓசை வேறு யாப்பு வேறா என்று இரு தரப்பும் எழுதினார்கள். அந்த விவாதத்தால் நமக்குக் கவிதையைப் பற்றி முன்பிருந்ததைவிடக் கொஞ்சம் அதிகம் தெரிய வந்தது. பண்டிதர்களை நாம் எவ்வளவு கேலி செய்தாலும் இந்த ஒரு நேர்மையை அவர்களுக்குக் கொடுத்தாக வேண்டும்.

பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010இல் வந்தது. 2014 இறுதியில் எதிர்ப்புக் கிளம்பிற்று. வரம்பு மீறிவிட்டது என்பதுதான் சாரம். எதன் வரம்பு என்று கேட்டால் பதில் ஆளுக்கு ஆள் மாறிற்று. ஊரின் மானம், சாதியின் மானம், பெண்களின் மானம், தெய்வத்தின் மானம். 2015 ஜனவரியில் அதிகாரிகள் முன்னிலையில் நடந்த 'அமைதிப் பேச்சுக்கு'ப் பிறகு எழுத்தாளனாகத் தான் இறந்துவிட்டதாக அவர் அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பு அவரை எழுத்துக்குத் திரும்ப அழைத்தது. இந்த இடைவெளியில் நாவலைப் பற்றி, அதன் மொழியை, கட்டமைப்பை, தேவையைப் பற்றி நமக்கு எவ்வளவு தெரிய வந்தது? வேலிக்காரன் பெயர் சொல்லாத இடத்தில் வாதாட எதிராளி இல்லை. கூட்டம் மட்டுமே உண்டு.

வரம்பே கூடாது என்பது என் வாதமல்ல. அப்படிச் சொல்கிறவர்களும் தங்களுக்கொரு வேலி வைத்திருப்பார்கள். சிறுபத்திரிகைக்காரர்களான நம்முடைய வேலி எவ்வளவு குறுகலானது என்பதை வெளியே நிற்கிறவர்கள் சொல்லக் கேட்க வேண்டும். ஒரு படைப்பு எல்லை கடந்துவிட்டது என்று சொல்ல விமர்சகனுக்கு உரிமை உண்டு. சில சமயம் கடமையும் உண்டு. அதை எழுதும்போது ஆறாம் வேற்றுமையை விழுங்கக் கூடாது. யாப்பின் வரம்பா, பாத்திரத்தின் அனுபவ வரம்பா, குற்றவியல் சட்டத்தின் வரம்பா, என் வீட்டுக் கூடத்தின் வரம்பா? சொல்லிவிட்டால் வாக்கியம் நீளும். கம்பீரம் கொஞ்சம் குறையும். மறுத்துப் பேச இடம் கிடைக்கும்.

கிராமத்தில் வரப்புத் தகராறு வந்தால், 'வரப்பை வெட்டிவிட்டான்' என்பதோடு யாரும் நிறுத்திக்கொள்வதில்லை. யாருடைய வரப்பு, எந்தப் பக்கம் வெட்டினான், சர்வே கல் எங்கே இருந்தது என்று கேட்டுவிட்டுத்தான் பஞ்சாயத்து உட்காரும். விமர்சனம் அந்தக் கேள்விகளைக் கேட்டாலே போதும்.